கண்ணாடியோடு ஒட்டிய முகம்

என் வீட்டுக்காரர் யோகேஸ்வரன் ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் விடமாட்டார். எப்போது முடிப்பார் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு மேலே, படி ஏறி வருகிற இடத்தில் எங்களுக்கு ஒரு சின்ன கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோ பிரதி எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, அடையாள அட்டையை லெமினேட் பண்ணுவது, போனுக்கு ரீலோட் போடுவது எல்லாம் அங்கே நடக்கும். ஆள் இல்லாத நேரத்தில் அவர் வாசலில் நின்று நீர்த்தேக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பனி நீரின் மேலே ஊர்ந்து வந்து, நிற்கிற பஸ்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, கடைசியில் எங்கள் கடைக்குள்ளும் நுழையும். அப்போதும் மனிதர் அசையமாட்டார். கடை திறந்திருக்கிறதா என்று அவரிடமே வந்து கேட்டவர்கள் உண்டு.

நான் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளை அனுப்பிவிட்டு மதியம் கடைக்கு வந்து, அவர் பாதியில் விட்டதை எல்லாம் முடித்துவைப்பது என் இரண்டாவது உத்தியோகம்.

அவர் பிறந்தது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய், ஓர் அச்சகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் டீவி கொண்டுவருவார்கள், கட்டில் மெத்தை கொண்டுவருவார்கள். இவர், அச்சகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் வரை ரயிலில் வந்து இறங்கினார். மூடியைத் திறந்து, கண்ணாடியின் மேல் தாளைக் குப்புற வைத்தால், அடியில் ஒரு விளக்கு நகர்ந்துபோய்ப் படம் எடுக்கும் பழைய வகை. சூட்கேஸ் பருமன் இருக்கும். கல்யாணமான புதிதில் நாங்கள் போட்ட முதல் சண்டை அதை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மின்னலில் கடையின் பழைய கம்பியூட்டர் கருகிப்போனது. புதிதாக வாங்கியதற்கு இந்த ஸ்கேனரைத் தெரியவே இல்லை. இரண்டும் பேசிக்கொள்ள டிரைவர் என்று ஒன்று வேண்டுமாம். தோட்டத்தில் துரை சொல்வதைத் தொழிலாளிக்கும் தொழிலாளி சொல்வதைத் துரைக்கும் எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு கண்டாக்கு நிற்பாரே, அப்படி. புதிய கம்பியூட்டருக்கு ஏற்ற டிரைவரைச் செய்வதை அந்தக் கம்பனி எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால் மெலிசாக ஒரு புதிய ஸ்கேனர் வாங்கினோம். பழையது மேசைக்கு அடியில் போனது. அதன் மேல் நான் காகிதக் கட்டுகளை அடுக்கினேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனம்மா அக்கா வந்தார். நல்லதண்ணி போகிற வழியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கூடவே மகன் சுமன். துவாயில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு போட்டோவைக் குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் வைத்தார். அவருடைய கணவர் செல்லசாமி, முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், மலையில் மரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். சுமன் அப்போது வயிற்றில். அந்தச் சுமனுக்குத் தை மாதம் கல்யாணம். தகப்பன் இல்லாத மாப்பிள்ளை என்றால், தகப்பனின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மணவறைக்குப் பக்கத்தில் வைப்போம். பொண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அதன் முன்னால்தான் விழுந்து கும்பிடுவார்கள். செல்லசாமிக்கு இருப்பதோ இந்த ஒரே படம். சிவனொளிபாதமலை சீசனில், நல்லதண்ணியில் ஒரு படக்காரர் மலையை வரைந்த திரைக்கு முன்னால் புருசன் பெண்சாதியை நிறுத்தி எடுத்தது.

எங்கள் பக்கத்து ஈரத்தில் அந்தப் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கீழேயிருந்து வெள்ளையாகப் பூஞ்சணம் ஏறி, தோளைத் தின்று, தாடையைத் தொட்டிருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. எங்கள் புதிய ஸ்கேனர் தன்மேல் ஒட்டிக்கிடப்பதை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கும். நடுவில் ஒரு கண்ணாடி வந்ததும் எல்லாம் கலங்கிப்போனது. போனில் எடுத்தால் எங்கள் டியூப்லைட்டும் என் வீட்டுக்காரரின் நெற்றியும்தான் விழுந்தன.

சுமன் தன் போனில் ஒரு செயலி இருக்கிறது, அதுவே எல்லாவற்றையும் சரிபண்ணிவிடும் என்றான். கலங்கிய படத்தை அதில் போட்டான். ஒரு நிமிடத்தில் முகம் வந்தது. எடுப்பான தாடை, அகலமான நெற்றி, பார்க்க லட்சணமான ஆள்.

மீனம்மா அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல மனுசனாத்தான் தெரியிறாரு. ஆனா இது எங்க வீட்டுக்காரரு இல்லைங்க."

சுமனுக்குக் கோபம் வந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யாரும் அப்பாவைப் பார்த்ததில்லை, இதுவே போதும் என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"யாருக்கும்மா தெரியப்போகுது? எனக்கே தெரியாதே."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் குனிந்து, மேசைக்கு அடியில் போய், என் காகிதக் கட்டுகளை எல்லாம் இறக்கி வைத்தார். பழைய ஸ்கேனர் கண்ணாடியைத் தாண்டியும் கொஞ்சம் உள்ளே பார்க்கும் என்றார். அச்சகத்தில் ஒருமுறை கைக்கடிகாரத்தையே அதில் வைத்து எடுத்திருக்கிறாராம்.

"கொஞ்ச நாள் பொறுங்க அக்கா. இவரையே கொண்டுவரப் பார்ப்போம்" என்றார்.

கொஞ்ச நாள் என்றால் அவர் கணக்கில் மூன்று வாரம். கம்பியூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார். உலகத்தில் எங்கேயோ இருக்கிற யாரோ, பழைய ஸ்கேனர்களின் மேல் இரக்கப்பட்டு எழுதிவைத்த இலவச டிரைவர் ஒன்று அதில் இருந்தது. அதன் அமைப்புக் கோப்பில் எங்கள் ஸ்கேனரின் எண்களை எழுதிச் சேர்த்தார். ஸ்கேனர் முனகியது, விளக்கு எரிந்தது, எனக்கே சந்தோசமாக இருந்தது. பிறகு திரையில் பிழை என்று வந்து விளக்கு அணைந்தது. மறுநாளும் அப்படியே. ஏழு தடவை அழித்து ஏழு தடவை போட்டார். ஒருநாள் காலையில் சூடம் காட்டினார். அன்று மத்தியானம் பாதிப் படம் வந்துவிட்டது. அதற்குள் வானம் உறுமியது, ஓடிப்போய் பிளக்கைக் கழற்றிவிட்டார். சூடத்தின் மகிமை என்று நம்பி அடுத்த நாளும் காட்டினார். ஸ்கேனர் மசியவில்லை.

எங்கள் ஊரில் இடி கேட்டால் முதலில் எல்லா பிளக்கையும் கழற்றுவோம், பிறகுதான் காயப்போட்ட துணியை எடுப்போம். கம்பியூட்டர் கருகியதிலிருந்து இவருக்கு அந்தப் பழக்கம் முற்றிவிட்டது. மேகம் கறுத்தாலே கழற்றுவார். வேண்டும்போது சொருகி உடனே வேலை வாங்குவார். அந்தப் பாதிப் படம் வந்த நாளில் மட்டும், காலையில் சொருகிச் சோதித்துவிட்டு, பரீட்சை விண்ணப்பம் நிரப்ப வந்த கூட்டத்தில் கழற்ற மறந்திருந்தார். இது எனக்கு, தட்டு சூடேறக் காத்திருந்து ரொட்டி சுடும்போதுதான் உறைத்தது. சொன்னேன். ஸ்கேனர் குளிரில் எழும்ப மறுக்கிறது, எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, அதட்டினால் நடக்காது என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து தேடினார். விளக்கு சூடேறுவதற்கென்றே ஒரு வரி இருந்தது. முப்பது விநாடிக்குள் வெளிச்சம் நிலைக்காவிட்டால் டிரைவர் கைவிட்டுவிடும். அதை எழுதியவர் மஸ்கெலியாக் குளிரைக் கண்டாரா? இவர் அதை நூற்றெண்பது என்று மாற்றினார். அப்படியும் முப்பதிலேயே நின்றது. அவர் வாசலுக்குப் போய் நீர்த்தேக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான் திரையைப் பார்த்தேன்.

"என்னங்க, இந்த வரிக்கு முன்னால வேலி மாதிரி ஒரு குறி இருக்கே, அது எதுக்கு?"

"அது இருந்தா அந்த வரிய டிரைவர் படிக்காது" என்றார். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்ப வாழ்க்கையில் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அவர் அந்தக் குறியை அழித்தார். அடுத்த ஞாயிறு மீனம்மா அக்காவும் சுமனும் வந்தார்கள். சட்டத்தைக் கழற்றி, படம் ஒட்டிய கண்ணாடியை ஸ்கேனரின் மேல் குப்புற வைத்தார் இவர். அன்று பகல் முழுக்கப் பனி. எதிர்க்கடை தெரியவில்லை, பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. நாங்கள் நாலு பேரும் மேகத்துக்குள் ஒரு மேசையைச் சுற்றி நிற்பது போல இருந்தது. மூடியின் ஓரத்தில் வெளிச்சம் முதலில் மங்கலாக இளஞ்சிவப்பில் கசிந்தது. அது வெளுக்க வெளுக்க மீனம்மா அக்காவின் கழுத்தும் தாடையும் துலங்கின. மூன்று நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கேயோ இருந்து ஒருவர் நடந்து வந்துகொண்டிருக்கிறார், சத்தம் போட்டால் திரும்பிப் போய்விடுவார் என்று ஒரு எண்ணம் எனக்கு. மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன்.

விளக்கு நகரத் தொடங்கியது. திரையில் வரி வரியாக மேலேயிருந்து இறங்கியது. முதலில் திரைச்சீலை மலை. பிறகு எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. நெற்றி. கண். பூஞ்சணம் இருந்தது, ஆனால் அதைத் தாண்டி ஆள் இருந்தார். என் வீட்டுக்காரர் செல்லசாமியின் முகத்தையும் சட்டைக் கழுத்தையும் மட்டும் திரை நிறையப் பெரிதாக்கினார். கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. மீசை முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. படம் எடுக்கிறவர் சிரிக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும், அதனாலேயே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற வாய்.

சுமன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு முப்பது வயது.

என் வீட்டுக்காரர், தோளில் உள்ள வெள்ளையை மட்டும் எடுக்கலாம், முகத்தில் கை வைக்கமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னார். மீனம்மா அக்காவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. சுவரில் உயரத்தில் மாட்டிய உள்ளங்கையளவு படத்தையே இத்தனை வருடம் அண்ணாந்து பார்த்தவர். இப்போதுதான் முகத்துக்கு நேரே பார்க்கிறார்.

"இம்புட்டு சின்னப் பையனா இவரு?" என்றார். "இருபத்திமூணு வயசு. நம்ம சுமனுக்குத் தம்பி மாதிரில்ல நிக்கிறாரு."

சேலைத் தலைப்பால் திரையில் அந்தக் கன்னத்தைத் துடைத்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, என்னிடம் சொன்னார்.

"மலையிலருந்து வந்தா, கூடைய இறக்குன கையோட இவரத்தான் ஏசுவேன் டீச்சர். கூரை ஒழுகுனாலும் ஏசுவேன், பிள்ளைக்குக் காச்சல்னாலும் ஏசுவேன். என்னைய இப்பிடி விட்டுட்டுப் போயிட்டியேன்னு முப்பது வருசமா ஏசியிருக்கேன். இந்தப் பிள்ளையவா நான் அப்பிடி ஏசினேன்?"