மூக்குத் தகடு

மணல் மூட்டைமேல் கிடக்கும் அலுமினியத் தகட்டை மரச்சுத்தியால் அடித்தால் கணீரென்று ஒலிக்காது. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி ‘தொப் தொப்’பென்று அடங்கி விழும். நான் எட்டாவது படித்த வருஷம், சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் உளுந்து காய்த்துக் கிடந்த நாள்களில், நன்னிலம் சாலையோரத்து எங்கள் பட்டறையில் காலை முதல் அந்தச் சத்தம்தான். பஸ்ஸுக்கும் வேனுக்கும் நசுங்கல் எடுக்கிற ‘டிங்கர்’ வேலை பார்த்த, என்னைப் பெற்ற அத்தா, ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

வளைகுடாவில் சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிற கொட்டகையில் பல வருஷம் தகடு வளைத்த கை அது. உளுந்து பிடுங்கியதும் காய்ந்த வயலில் ஓட்டிப் பறப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். “பாய், செடியப் புடுங்கி ரோட்டுல பரப்பி வைக்கிறோம், அதும்மேல ரெண்டு ஓட்டம் விட்டு உளுந்த உதுத்துட்டு அப்புறம் பறங்க” என்று டீக்கடையில் கிண்டல் செய்தால் அத்தாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டாள். “சைக்கிள்ல போறப்பவே பள்ளத்தப் பாக்க மாட்டாரு இந்த மனுசன்” என்று அவள் ஒருநாள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடம்புத் தகடுகள் ஒரு பக்கமாக வளைந்தால் போதும் என்பதால் குழாய்மேல் வைத்து அழுத்தியே வளைத்துவிட்டார். மூக்குத் தகடு அப்படியல்ல, சட்டியின் அடிபோல எல்லாப் பக்கமும் உருள வேண்டும். அடிக்க அடிக்க அலுமினியம் விறைத்துக்கொள்ளும், மேலும் அடித்தால் கீறிவிடும். அதனால் தகட்டின்மேல் துணி சோப்பைத் தேய்த்து அடியிலிருந்து கேஸ் நெருப்பைக் காட்டுவார். சோப்பு பழுத்துக் கறுக்கிற நொடியில் நெருப்பை எடுத்தால் தகடு இளகியிருக்கும். எடுக்காவிட்டால், இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது, குழைந்து விழுந்துவிடும். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும் அத்தாவுக்கு நிறம் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்து “போதும்” சொல்வது என் வேலை. “துணி அழுக்கா கெடக்கு, தகடு குளிக்குது” என்று அம்மா ஏசுவாள்.

இரண்டு மாதம் அடித்த மூக்குக்குக் கடைசிச் சூடு மட்டும் பாக்கி. சோப்பு பழுத்தது. கறுத்தது. மறந்துவிட்டேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்லிக்கொள்ள முடியாது. வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். தகடு நடுவில் தொய்ந்து, பொத்துக்கொண்டு, தரையில் சொட்டியது.

அத்தா கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா சொல்லல?”

“சொன்னேனே அத்தா. ரெண்டு தடவ சொன்னேன். ஒங்களுக்குத்தான் கேக்கல.”

அவர் திட்டவில்லை. இத்தனை வருஷம் தகடு அடித்த காது மந்தமாகிவிடுமோ என்று அவருக்கே உள்ளூர ஒரு பயம் இருந்திருக்கிறது. கேஸை அடைத்துவிட்டுச் சொன்னார். “எஞ்சின் சத்தம் மாறுனா காதுதாம்மா சொல்லணும். பக்கத்துல நின்ன ஒம்பேச்சே கேக்கலன்னா, மேல போயி என்ன செய்ய?” அன்றே தார்ப்பாயை இழுத்து விமானத்தை மூடினார்.

பாய்க்குக் காது போய்விட்டதென்று ஊர் அவரிடம் கத்திப் பேசத் தொடங்கியது. ஒவ்வொரு பேச்சுக்கும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டவர், பிறகு ஆள் கூடுகிற இடத்துக்கே போவதை நிறுத்தினார். பட்டறையும் நின்றது, எட்டாவதோடு நானும் பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ஒருமுறை தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தோம். வயசுக்கு நன்றாகவே கேட்கிறது என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் அத்தா, “மெஷினுக்கு என்னம்மா தெரியும், நீ ரெண்டு தடவ சொல்லியும் கேக்கலியே” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஓர் இறக்கை யார் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கோ கூரையாகப் போனது. மற்றவை போன இடம் தெரியாது. அத்தா அதற்குப் பிறகு இருபது வருஷம், உடம்பில் ஒரு கீறல் படாமல், தரையிலேயே இருந்து, மூப்பில்தான் போனார். நான் வேண்டிக்கொண்டது அதைத்தான்.