ஒன்றரைச் சுற்று

மானிப்பாய் அருள்நேசனை யாழ்ப்பாணத்தில் ஏசி பூட்டியிருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கட்டார் நாட்டு டோகாவில் பதினொரு வருடம் கட்டட ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, டவுணில் ஒரு சின்னக் கடை போட்டவர். கல்யாண மண்டபம், வங்கி, பல் டொக்டரின் அறை என்று எங்கே கூப்பிட்டாலும் சொன்ன நேரத்துக்கு வருவார். வேலை முடிந்தால் நிலத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் போவார். அவரிடம் ஒரு குறைதான் உண்டு. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

போன வருடம் தை மாதம் கோகுலன் கடைக்கு வந்தான். குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் பயணிகள் படகு ஓட்டுகிற முதலாளி. வயது முப்பத்தைந்துகூட இராது.

“அண்ணை, ஆஸ்பத்திரிக்கு வாற வயசு போன சனம், பிள்ளைத்தாச்சியள் எல்லாம் அந்த வெக்கையிலை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு வருகுதுகள். படகை மூடிக் கண்ணாடி அடிச்சிட்டன். ஏசி பூட்டவேணும். படகு வேலை செய்திருக்கிறீங்களோ?”

“டோகாவிலை அதுதானே வேலை” என்றார் அருள்நேசன்.

டோகாவில் அவர் படகில் ஏறியது ஒரே ஒரு தடவை. அதுவும் கம்பனி விருந்துக்கு.

ஆனால் அவர் சோம்பேறி அல்ல. படகு ஏசியோடு வந்த கைநூலை வரிவரியாகப் படித்தார். வீட்டு ஏசி சூட்டை வெளிக் காற்றில் தள்ளுகிறது. படகு ஏசி அதையே கடல் தண்ணீரில் தள்ளுகிறது. படகின் அடியில் ஒரு துளை, துளையில் ஒரு வால்வு. அங்கிருந்து குழாய் வழியே தண்ணீர் ஒரு வடிகட்டிக்கு வந்து, பம்பால் உறிஞ்சப்பட்டு, ஏசி மிசினைச் சுற்றிக் குளிர்த்திவிட்டுத் திரும்பக் கடலுக்கே போகும். அவருக்கு அது விளங்கியது. குழாயின் ஒவ்வொரு முனையையும் இறுக்கிப் பிடிக்கத் துருப்பிடிக்காத கிளிப் இரண்டு போடவேண்டும் என்று கைநூலில் தடித்த எழுத்தில் இருந்ததும் விளங்கியது.

டவுண் கடைகளில் கிடைத்த கிளிப்பின் பட்டி பளபளத்தது; ஆனால் திருகாணி வெறும் இரும்பு. கொழும்பிலிருந்து சரியானது வர எட்டு நாள் ஆகும். கோகுலனோ தொடக்க நாளைக் குறித்து, நெடுந்தீவில் எல்லோருக்கும் சொல்லியும் விட்டிருந்தான். அருள்நேசன் இருந்ததைப் போட்டார், முனைக்கு ஒன்றாக. பிறகு வந்து மாற்றலாம் என்று நினைத்தார். ஒருவரும் கேட்கவில்லை, அவரும் மாற்றவில்லை.

படகை ஓட்டுகிற மிசினைப் பார்த்துக்கொண்டவர் பொன்னம்பலம். புங்குடுதீவுக்காரர், அறுபத்தொரு வயது. கரையோரக் கடலில் சாதாளை என்கிற கடற்புல் அதிகம். அது வடிகட்டியை அடைக்கும் என்பதால், ஒவ்வொரு நாள் காலையும் வால்வைப் பூட்டி, வடிகட்டியின் மூடியைக் கழற்றிக் கழுவி, திரும்ப இறுக்குவதை அருள்நேசன் அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். ஒரு தடவை காட்டினால் போதுமான மனிதர்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை. காலைப் பயணம், நெடுந்தீவிலிருந்து முப்பத்தொரு பேர். பாதிக் கடலில் குளிர் நின்றுபோனது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வடிகட்டி அடைத்துவிட்டது என்று நினைத்து, பொன்னம்பலம் மிசின் அறைப் பலகையைத் தூக்கினார். உள்ளே மிசினின் பாதிவரை தண்ணீர். சுழன்ற பெல்ட் அதை நாலாபுறமும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் குப்புறப் படுத்து, எண்ணெய் கலந்த தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டு, தடவித் தடவி வால்வைக் கண்டுபிடித்துப் பூட்டினார். அதற்குள் மிசின் நின்றுவிட்டது. தண்ணீர் இறைக்கிற மோட்டரும் நின்றது. அலை படகைப் பக்கவாட்டில் புரட்டியது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உயிர்காப்பு அங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வாளியால் முக்கால் மணி நேரம் இறைத்த பிறகு, இரண்டு மீன்பிடிப் படகுகள் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தன. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இறங்குதுறையில் கோகுலன் பொன்னம்பலத்தைக் கட்டிப்பிடித்தான். “அண்ணை, நீங்கள் இல்லாட்டி முடிஞ்சுது.” பிறகு அருள்நேசனுக்குப் போன் அடித்தான்.

அருள்நேசன் மோட்டார்சைக்கிளில் விழுந்தடித்து வந்தார். தண்ணீரை இறைத்து முடித்திருந்தார்கள். அவர் வரும்வரை ஒருவரும் மிசின் அறைக்குள் இறங்கவில்லை. டோர்ச்சோடு தனியாக இறங்கினார். தேடவே தேவையில்லை. வால்விலிருந்து வடிகட்டிக்குப் போகும் குழாய் கழன்று தொங்கியது. கிளிப்பின் திருகாணி துருப்பிடித்து அறுந்து, பட்டி கீழே கிடந்தது. வடிகட்டியின் மூடி அசையாத இறுக்கத்தில் இருந்தது.

அவருடைய கை அவரைக் கேட்காமலே வேலை செய்தது. குழாயைத் திரும்ப மாட்டியது. பையிலிருந்து புதுக் கிளிப் எடுத்து இறுக்கியது. அறுந்த கிளிப்பைச் சட்டைப் பைக்குள் போட்டது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

மேலிருந்து கோகுலனின் முகம் எட்டிப் பார்த்தது. “என்னண்ணை?”

“வடிகட்டியின்ரை மூடி இளகிக் கிடந்தது. இறுக்கிப்போட்டன்.”

மேலே நின்ற எல்லோரும் பொன்னம்பலத்தைப் பார்த்தார்கள். அருள்நேசன் ஏறி வந்தபோது பொன்னம்பலம் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள்வரை எண்ணெய்.

“நான் இறுக்கினனான்” என்றார். பிறகு, “இறுக்கினனான் எண்டுதான் நினைக்கிறன்” என்றார்.

அந்தக் கிழமையே கோகுலன் அவரை வீட்டிலிருந்து ஓய்வெடுக்கச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் பிறகு கூப்பிடவில்லை. அருள்நேசன் கொழும்பிலிருந்து சரியான கிளிப்புகளை எடுப்பித்து, சேர்விஸ் என்று சொல்லிக்கொண்டு போய், ஒவ்வொரு முனைக்கும் இரண்டிரண்டாகப் போட்டார். படகு இனித் தாழாது என்று நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் அவருக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பொன்னம்பலம் கடை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பி.

“தம்பி, உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். என்னாலை உங்கடை வேலைக்குக் கெட்ட பேர்.”

“விடுங்கோ அண்ணை, அதெல்லாம் முடிஞ்ச கதை” என்றார் அருள்நேசன். கதிரையை இழுத்துப் போட்டார். பொன்னம்பலம் உட்காரவில்லை.

“ஒண்டு கேக்கட்டே? மூடி எவ்வளவு இளகிக் கிடந்தது? டொக்டர் கேக்கிறார், எனக்கு மறதி துவங்கினது எப்ப எண்டு. அரைச் சுத்து எண்டால் கைப்பலம் குறைஞ்சிருக்கும். கனக்க எண்டால் இறுக்கவே மறந்து போனன் எண்டுதானே அர்த்தம்? அதைத் தெரிஞ்சால் சொல்லலாம்.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திராது. கடையில் வேறு ஒருவரும் இல்லை.

“ஒண்டரைச் சுத்து இருக்கும்” என்றார் அருள்நேசன்.

பொன்னம்பலம் தலையாட்டினார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். “நன்றி தம்பி” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில், எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்ன இடத்தில் அருள்நேசனின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி ரேச்சல் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“இஞ்சையப்பா, என்ன நடந்தது? உங்கடை முகமே சரியில்லை.”

முதலில் அவளுக்குத்தான் சொன்னார். குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் சொன்னார்.

“அந்த மனுசன் மன்னிப்புக் கேக்கேக்கையும் நீங்கள் பேசாமல் நிண்டனீங்களோ?”

“பேசாமல் நிக்கேல்லை” என்றார். “இன்னொரு பொய் சொன்னனான்.”

மறுநாள் காலை புங்குடுதீவுக்குப் போனார். வீட்டு முற்றத்தில் பொன்னம்பலத்தின் மனைவி பாலேஸ்வரி மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். “வாங்கோ தம்பி” என்று எழும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார். “ஆள் முந்தின மாதிரி இல்லை. தண்ணிப் பைப்பைப் பூட்டிப்போட்டு மூண்டு தரம் போய்ப் பாக்கிறார். பேரப்பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்த மாட்டன் எண்டுறார். ‘என்ரை கையை நம்பேலாது’ எண்டு சொல்லுறார். நீங்களாவது ஒரு சொல் சொல்லுங்கோ.”

பொன்னம்பலம் உள்ளேயிருந்து வந்தார். அருள்நேசன் நின்றபடியே சொன்னார். கிளிப், துரு, கழன்ற குழாய், நாலு நிமிட வேலை, எல்லாவற்றையும்.

“மூடி இறுக்கமாத்தான் இருந்தது அண்ணை. நீங்கள் பூட்டின மாதிரியே இருந்தது.”

பாலேஸ்வரியின் கையிலிருந்த சுளகு சரிந்தது. பொன்னம்பலம் கத்துவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று அருள்நேசன் எதிர்பார்த்து வந்திருந்தார். அவர் இரண்டையும் செய்யவில்லை. படியில் உட்கார்ந்தார்.

“படகிலை சொன்னது பயத்திலை. அது எனக்கு விளங்குது” என்றார் கடைசியில். அதுவரை ‘நீங்கள்’ என்று சொன்னவர் இப்போது ஒரு படி இறக்கி ‘நீர்’ என்றார். “கடையிலை நான் தனியத்தானே வந்தனான்? அந்த ஒண்டரைச் சுத்தை என்னத்துக்குச் சொன்னனீர்?”

அருள்நேசன் குந்தி, கொட்டிய மிளகாயைச் சுளகில் அள்ளத் தொடங்கினார்.

“நான் அதை எழுதி வச்சுக்கொண்டு அண்டு தொட்டு யோசிச்சனான். ஒண்டரைச் சுத்து எண்டால், பாதியிலை ஆரோ என்னைக் கூப்பிட்டிருக்கவேணும், ஆர் கூப்பிட்டது எண்டு. ஒவ்வொருத்தராக் கேட்டும் பாத்தனான்.” பொன்னம்பலம் படியிலிருந்து எழுந்தார். “சரி, எழும்பும். கோகுலனிட்டைப் போவம். எனக்குச் சொன்னது காணாது.”

இருவரும் அருள்நேசனின் மோட்டார்சைக்கிளிலேயே குறிகட்டுவானுக்குப் போனார்கள். இறங்குதுறையில் பதினொரு மணிப் படகுக்குச் சனம் நின்றது. கோகுலனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல்லத்தான் அருள்நேசன் நினைத்திருந்தார். பொன்னம்பலம் அசையாமல் நின்ற இடத்திலேயே நின்றார். அங்கேயே சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் அன்று அந்தப் படகில் வந்தவர்கள். ஒரு மனுசி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அருள்நேசனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோகுலன் அவரிடம் ஒன்றுதான் சொன்னான்: “அண்ணை, இனி என்ரை படகிலை கை வைக்காதேங்கோ.” பிறகு பொன்னம்பலத்தின் பக்கம் திரும்பி, அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த கிழமை பொன்னம்பலம் வேலைக்குத் திரும்பினார். திருகோணமலையிலிருந்து படகு வேலை தெரிந்த ஒருவர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போனார். கிளினிக்கில் டொக்டர் கொப்பியை மூடி, இனி வரத் தேவையில்லை என்றாராம். செய்தி டவுணுக்கும் வந்தது. இரண்டு மண்டபக்காரர்கள் அருள்நேசனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

இந்த வருடம் ஆனியில் ரேச்சலின் சித்தப்பா நெடுந்தீவில் இறந்துபோனார். செத்தவீட்டுக்குப் போகக் கிடைத்தது கோகுலனின் படகுதான். பொன்னம்பலம் கரையில் நின்று ஆட்களைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். “வா பிள்ளை, பாத்துக் காலை வை” என்று ரேச்சலின் பையை வாங்கினார். அருள்நேசன் முறை வந்தபோது ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அருள்நேசன் அதைப் பிடித்து ஏறினார்.

ரேச்சல் கண்ணாடி அடைத்த குளிருக்குள் போய் உட்கார்ந்தாள். அருள்நேசன் வெளியில், வெயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு துறையை விட்டு விலகிய பிறகு பொன்னம்பலம் மிசின் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

“உள்ளுக்கை இடம் கிடக்கு.”

“இல்லை அண்ணை, இதிலை நிக்கிறன்.”

பொன்னம்பலம் வற்புறுத்தவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனார்.