பினாங்கில் அணைத்து வைத்த போன்

இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும்.

பினாங்கு என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியா, கடைகளுக்கு முன்னால் தூண் வைத்துப் போகும் நடைபாதை... ஒரு கடையில் மல்லிகை, அடுத்ததில் ஊதுபத்தி, அதற்கடுத்து எண்ணெயில் பொரியும் வடை. மழை விட்டிருந்த காலை.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து நானும் என் மனைவியும் தனியாகப் போன முதல் வெளிநாட்டுப் பயணம் அது.

தனியாக என்று சொல்லக் கூடாது. அவள் கையிலிருந்த போனுக்குள் அவளுடைய அண்ணனும் அண்ணியும் கூடவே வந்தார்கள். வீடியோ கால். நம் ஊரில் அப்போதுதான் விடிந்திருந்தது. அண்ணி பல் துலக்கிக்கொண்டே பேரம் பேசினார்.

சௌராஸ்தா சந்தையில் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காயைக் குவித்து வைத்திருந்தார்கள்.

"கிட்ட காட்டு... இன்னும் கிட்ட காட்டு," என்றார் அண்ணி. என் மனைவி போனை ஏறக்குறைய குவியலுக்குள்ளேயே நுழைத்துவிட்டாள்.

"மாப்ள எங்க? பை தூக்கிட்டு வர்றாரா?" இது மச்சான். "நல்லா தூக்கட்டும். பேனா மட்டும் புடிச்ச கை."

என் படிப்பின் மேல் அவருக்கு என்றைக்கும் ஒரு எரிச்சல். எங்கள் கல்யாணப் பந்தியிலேயே அது தொடங்கிவிட்டது. அதையெல்லாம் எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

அவர்களுக்குத் தைலம், அவர்கள் மகளுக்கு செண்ட், அவர்கள் பக்கத்து வீட்டுக்கு பிஸ்கட்... என் இரண்டு தோளும் நிறைந்தபின் ஒரு பாத்திக் துணிக்கடைக்குள் நுழைந்தோம். நடத்துகிறவர் அந்த ஊர்த் தமிழ்ப் பெண். மனைவியின் கையிலிருந்த போனைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க லா, அண்ணே. போன்ல ஆளுங்க இருந்தா சீக்கிரத்துல முடியாது. டெய்லி பாக்குறேன் நானு."

அங்கேதான் அந்தத் துணி இருந்தது. கடல் பச்சை, ஓரமெல்லாம் கருநீலக் கொடி. என் மனைவி அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வீட்டில் அவள் கண்ணாடி பார்ப்பது பொட்டு நேராக இருக்கிறதா என்று மட்டும்தான். அன்று கொஞ்ச நேரம் நின்றாள்...

"ஏய், அது நல்லாருக்கே! அத எனக்கு எடுத்துரு," என்றது போன்.

"இத எனக்குன்னு பாத்தேன் அண்ணி..."

"உனக்கா? உன் நெறத்துக்கு அதெல்லாம் எடுக்காதுடி. வேணும்னா மாப்ளகிட்ட கேளு, அவரே சொல்வாரு."

பின்னால் மச்சான் சிரிப்பது கேட்டது.

நான் எழுந்துவிட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் பல வருடமாக எனக்குள் தயாராக இருந்தது. ஆனால் அதற்குத் தேவை வரவில்லை.

"அண்ணி, இங்க சிக்னல் சரியில்ல," என்றாள் என் மனைவி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனையே அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டாள்.

"சிக்னலா? எங்க கடையில எப்பவும் ஃபுல்லா இருக்குமே..." என்று ஆரம்பித்த கடைக்காரப் பெண் அவள் முகத்தைப் பார்த்தார். "ஆனா சில நேரம் போயிரும் அக்கா. இன்னிக்கி பொழுதுக்கும் வராது."

"இது எத்தன வெள்ளி?" என்று கேட்டாள் என் மனைவி, அந்த ஊர்க்காரி மாதிரியே ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்லி.

அதன்பிறகு யாருக்கும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. பூப்போட்ட பீங்கான் கிண்ணங்களை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். பாசிமணி கோத்த செருப்பில் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். அந்தத் துணியைத் தவிர எதையும் வாங்கவில்லை. தெருவோரம் நின்றுகொண்டே இருவரும் செண்டோல் குடித்தோம். தேங்காய்ப்பால் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது.

மாலையில் எதிர்க்கரையிலிருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறலாம் என்றாள்.

"அங்க போய் என்ன பண்ணப் போறோம்?"

"ஒண்ணுமில்ல. திரும்பி வரப் போறோம்."

திரும்பி வரும்போதுதான் கேட்டேன்... "உங்க அண்ணன்கிட்ட என்ன சொல்லுவ?"

கொஞ்சம் யோசித்தாள். "நீங்க புடுங்கி ஆஃப் பண்ணிட்டீங்கன்னு சொல்லிரட்டா? நான்தான்னு தெரிஞ்சா அண்ணன் மறுபடி என் மூஞ்சில முழிக்காது. உங்களுக்கு அங்க ஏற்கெனவே கெட்ட பேருதானே. இன்னொண்ணு சேந்தா என்ன?"

சிரித்துவிட்டேன். சரி என்றேன்.

அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை அதிகம். 'கட்டின பொண்டாட்டி கையிலிருந்து போனைப் பிடுங்குகிறவன்.' மச்சான் இதைச் சொல்லாத வீடு சொந்தத்தில் ஒன்றுகூட பாக்கியில்லை, சாவு வீடு உள்பட. படித்தவன் லட்சணம் இதுதானா என்று என் காதுபடவே கேட்டார்கள். மச்சான் பேச்சை அடியோடு நிறுத்தினார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் மாமா, அத்தை எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். என் மனைவியின் பெயர் மட்டும் தனியாக. புருஷன் குத்துக்கல்லாக உயிரோடிருக்கும்போது.

அதைப் பார்த்துவிட்டு அவள் அழுதாள். "இப்பவே அண்ணன்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்," என்று போனை எடுத்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு அண்ணன்தான்.

இப்போதும் தினமும் சாயங்காலம் வீடியோ கால் உண்டு. என் முகம் அதில் விழக் கூடாது என்று அந்த நேரத்தில் நான் வாசல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். எங்காவது போகலாமா என்று கேட்டால், முட்டி வலி, அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். ஃபெர்ரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றவளை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

கீழே என் முழுப் பெயரையும் போட்டு, மச்சானையும் டேக் செய்வது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயரை டைப்கூட செய்துவிட்டேன்... உள்ளே அவள் சத்தமாகச் சிரிக்கிறாள். அண்ணன் ஏதோ சொல்லியிருக்கிறார்.

மச்சான் மேல் எனக்குள்ள மற்ற கோபங்கள் அப்படியே இருக்கின்றன. எதையும் மன்னிக்கவில்லை. இந்த ஒரு பழி மட்டும் என் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

டைப் செய்த பெயரை அழித்துவிட்டேன். பெயரில்லாமலே போடுகிறேன்.