சிக்னல் இல்லாத முகங்கள்

தலவாக்கலை பஜாரில் பார்மசி கவுண்டருக்குப் பின்னால் நின்றால் ஒன்று புரிந்துவிடும்: காய்ச்சலுக்கு மருந்து கேட்பவர் சத்தமாகக் கேட்பார், பருவுக்குக் கேட்பவர் கடை காலியாகும்வரை இருமல் மிட்டாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்களும் அப்படி நின்றவராக இருந்தால் வெட்கப்பட வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான். முப்பத்தைந்து வயதிலும் என் தாடையில் மாதம் தவறாமல் இரண்டு வந்து உட்காருகின்றன.

கூட்டாளிக்குத்தான்

ஒருநாள் வந்தவர் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு சேர். நாற்பதை நெருங்கியவர். கூட்டாளிக்கு என்று சொல்லிப் பருவுக்கு ஜெல் கேட்டார். கூட்டாளியின் முகத்தில் எண்ணெய் வடியுமா என்றேன். தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, வடியும் என்றார்.

பெரியவர்களுக்கும் வரும், பிதுக்கக் கூடாது, கடலைப் பருப்பு அளவு எடுத்து இரவில் பூசினால் போதும், ஜெல் பட்டால் கலர் தலையணை உறை வெளுத்துவிடும், வெள்ளை உறை போடச் சொல்லுங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் தாடையையே பார்த்தார். "நல்ல மருந்துன்னா ஒங்களுக்கு ஏன் மிஸ் இன்னும் போகல?"

குவைத் டப்பா

டயகம தோட்டத்திலிருந்து சித்தியோடு வந்த நிரோஷாவுக்குப் பதினேழு வயது. மாஸ்க்கைக் கழற்ற வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு கன்னமும் சிவந்து, இடைவெளியில்லாமல் பரு. என்ன பூசுகிறாய் என்றதும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளையாக்கும் க்ரீம். இந்த மாதிரி க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. முதலில் முகம் பளபளக்கும், பிறகுதான் பழிவாங்கும்.

மூன்று வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மா பார்சலில் அனுப்பியதாம். முகம் கெட்டதிலிருந்து அம்மா அழைத்தால் நிரோஷா வீடியோவைத் திறப்பதில்லை. சிக்னல் இல்லை என்று பொய் சொல்லிக் குரலில் மட்டும் பேசுகிறாள். காட்டினால் அம்மா தன்னையே நொந்துகொள்வாள் என்ற பயம். அம்மாவும் முகத்தைக் காட்டு என்று வற்புறுத்துவதில்லை, அதுதான் பிள்ளைக்குப் பெரிய வருத்தம். டப்பாவை வீசச் சொன்னேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கையால அனுப்புனதுங்க மிஸ், எப்படி வீசுறது?"

கவ்வாத்து

தோல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் க்ரீமை நிறுத்தி, மாத்திரையும் ஜெல்லும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் முகம் இன்னும் மோசமானது. அந்த க்ரீமை விட்டால் முதலில் இப்படித்தான் கிளம்பும், மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, நிரோஷா கவுண்டரில் தலை வைத்து அழுதாள். என் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சித்திதான் அவள் முதுகைத் தட்டினாள். "ஏன்டி, கவ்வாத்து வெட்டுன மலையப் பாத்து யாராச்சும் அழுவாங்களா? மொதல்ல குச்சியாத்தான் நிக்கும், அப்புறந்தான் கொழுந்து வரும்."

கூரை

மூன்று மாதம் கழித்து வந்தாள். பரு அடங்கியிருந்தது, தழும்பு போகவில்லை. இனிமேல் அம்மாவைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று சொல்லி, தைரியத்துக்கு என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோவில் அழைத்தாள். அந்தப் பக்கம் வெறும் கூரைதான் தெரிந்தது. இங்கே சிக்னல் சரியில்லை என்றது அம்மாவின் குரல். கூரை நல்லாத் தெரியுதும்மா என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் மெல்லக் கீழே இறங்கியது. அம்மாவின் இரண்டு கன்னமும் சிவந்து, இடைவெளியில்லாமல் பரு. நிரோஷா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு அம்மா திரையைத் தடவியபடி சொன்னாள். "நான் ஊருக்கு வர்றப்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான் பாப்பா, ரெண்டு டப்பா வாங்குனேன்."

பருவுக்கு என் அலுமாரியில் ஜெல் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, தலையணை உறைக்குக்கூட யோசனை இருக்கிறது. சிக்னல் இல்லை என்று சொல்லும் வியாதிக்கு மட்டும் இன்னும் ஸ்டாக் வரவில்லை.