கட்டைக்காலுக்கு அரிசி இல்லை

குண்டு விழுந்து அண்ணனின் இடது கால் போனபோது, அவர் வெள்ளைக்காரனுடைய தொண்டர் படையில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து படையின் விதிகளை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் அவருக்குச் சொன்னேன்: கடமையில் ஊனமானவருக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் இருந்தால் நடக்கும் என்று நம்பினேன். சில நாட்களில், அதை அச்சடித்தவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறிவிட்டார்கள்.

ஜப்பான்காரன் வந்தபிறகு, படையில் இருந்ததைச் சொன்னால் தலை போகும். சந்தையில் நின்றபோது அடிபட்டது என்று சொல்லித்தான், உழைக்க முடியாதவர்களுக்கான அரிசிச் சீட்டை வாங்கினோம். அந்தச் சீட்டு இருந்தால், போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கும் பிடித்துப்போக மாட்டார்கள். ஆனால் மாதாமாதம் டவுன் அலுவலகத்துக்கு நேரில் போய்க் காலைக் காட்ட வேண்டும்.

"முளைச்சிருச்சான்னு பாக்கறானுங்க லா," என்பார் அண்ணன்.

எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் பஸ் நின்றுபோயிருந்தது. ஊன்றுகோல் உரசி அவருடைய அக்குள் புண்ணாகிவிட்டது. நான்தான் பிடிவாதம் பிடித்து, பக்கத்துச் சீனத் தச்சரிடம் ரப்பர் மரத்தில் ஒரு கட்டைக்கால் செய்யச் சொன்னேன். தோல்வாரை இறுக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் நடந்து பழகினார். வெகுநாளைக்குப் பிறகு அண்ணி சிரித்தார்.

அந்த மாதம் அதை மாட்டிக்கொண்டே போனோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

மேசைக்குப் பின்னால் ஜப்பான் அதிகாரி. பக்கத்தில், எழுத்து வேலைக்கும் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லவும் நம்மவர் ஒரு கிராணி. அண்ணன் நடந்து வந்து குனிந்து வணங்கியதும் அதிகாரி ஏதோ சொன்னார்.

"நடக்கிறியே தம்பி," என்றார் கிராணி. "நடக்கிறவனுக்கு இந்தச் சீட்டு கிடையாது. வேலைக்குப் பேர் எழுதணும்."

"ஐயா, அது கட்டை," என்றேன் நான். "போன மாசம் நீங்களே பாத்தீங்களே!"

"போன மாசம் நடக்கலியே."

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தார். கட்டைக்காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"நடக்கிறது இதுதான் கிராணியாரே. சயாமுக்கு இத கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. என் சீட்ட எனக்குக் குடுங்க."

கிராணி அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி கட்டையைப் புரட்டினார், விரலால் தட்டிப் பார்த்தார், சீட்டில் முத்திரை குத்தினார். நான் கட்டையை எடுக்கப் போனேன்.

"அது இங்கயே இருக்கட்டும்," என்றார் கிராணி. "சீட்டு வேணும்னா இது கிடையாது. இது வேணும்னா சீட்டு கிடையாது. சீக்கிரம் சொல்லு, வெளியே ஆளுங்க நிக்கிறாங்க."

"எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று கத்தினேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். "சீட்ட எடுடா. பிள்ளைங்க சாப்பிடணும்."

ஊன்றுகோல்கூடக் கொண்டுவரவில்லை. என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே ஆயர் ஈத்தாம் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் நான் கப்பலேறினவனைத் திட்டினேன், முத்திரை குத்தினவனைத் திட்டினேன், அந்தக் கிராணியைத் திட்டினேன்.

அடுத்த மாதம் பழைய ஊன்றுகோலிலேயே போனார். அலுவலகக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க, அண்ணனின் காலை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"பாத்து வா தம்பி, தடுக்கிடப் போகுது," என்றார் கிராணி.

அண்ணன் அதைத் தாண்டி உள்ளே போனார். குனிந்து வணங்கினார். கைலியைத் தூக்கி, இல்லாத காலைக் காட்டினார்.