கிரேன்காரர் ஹெலிகாப்டருக்குக் கால் கட்டியது

என் கணவர் ஆடுகிற மேசையில் சாப்பிட மாட்டார். வீடோ, ஓட்டலோ, கல்யாண மண்டபமோ, உட்கார்ந்ததும் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். ஆடினால், சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நாலாக மடித்து, குனிந்து, எந்தக் கால் என்று கண்டுபிடித்துச் செருகிவிட்டுத்தான் நிமிர்வார். மருந்துப் பெட்டி, பஸ் டிக்கெட், எது கிடைத்தாலும் சரி. ஒருமுறை என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையையே, அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, மடித்துச் செருகினார். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இருபத்தேழு வருடமாக அவருக்குக் கிரேன் ஓட்டுகிற வேலை. லாரியின் மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய கிரேன். அதைக் கொண்டுபோய் நிறுத்தியவுடனே எதையும் தூக்கிவிட முடியாது. முதலில் அதன் நான்கு இரும்புக் கால்களையும் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான பலகை போட வேண்டும். பிறகு லாரியின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகிற வரை கால்களை அழுத்தி இறக்க வேண்டும். மொத்த எடையும் அந்த நாலு காலில்தான். அதில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் எல்லாம் போச்சு. இதையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷன் வீட்டுக்கு வந்து மேசைக் காலைச் சும்மா விடுவாரா? கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கொக்கி. நான் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது. ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி மாடியில் வைக்கிற வேலை. பலகை போட்டாயிற்று, கால் இறக்கியாயிற்று, தொட்டி ஓர் ஆள் உயரம் எழும்பியும் விட்டது. அப்போது பின்பக்க வலது காலுக்குக் கீழே தரை உள்வாங்கியது. என்றைக்கோ மூடிப்போட்ட பழைய குழி. எந்த வரைபடத்திலும் அது இல்லை. கால் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது, கிரேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் தொட்டியை அப்படியே கீழே இறக்கி வைத்துவிட்டார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. விசாரணை வைத்து, இவர் மேல் தப்பே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அவரால் கிரேனில் உட்கார முடியவில்லை. ஏறுவார், நெம்புகோல் மேல் கை வைப்பார், கை அங்கேயே மரத்துப்போய் நின்றுவிடும். இறங்கி வந்துவிடுவார். மூன்று முறை இப்படி ஆனது. மேனேஜர் நல்ல மாதிரிதான். நாற்பது நாள் விடுப்பு கொடுத்தார். அது முடிந்த அன்று ஒரு சிமெண்ட் கட்டையைத் தூக்கி, சுற்றி, இறக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வாசல் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று மேனேஜர் சொன்னாராம். இவர் அதை என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

விடுப்பின் முதல் வாரம் வீட்டிலிருந்த எல்லா நாற்காலிக்கும் ஆணி அடித்தார். இரண்டாவது வாரம் என் தம்பி வந்தான். அவனுக்கு எதிலும் ஆசை வரும், எதுவும் நிலைக்காது. தான் வாங்கிப் பெட்டி பிரித்ததோடு விட்டுவிட்ட ஒரு ரிமோட் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான்.

"மாமா, பெருசுதானே பயமா இருக்கு? சின்னதுல ஆரம்பிங்க."

நான் அவனை முறைத்தேன். அவரோ ரிமோட்டைக் கையில் எடுத்து, அதில் இருந்த இரண்டு குச்சிகள் மேலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். இரண்டு கைக்கும் இரண்டு குச்சி. கிரேனிலும் அப்படித்தான். விரல் மரத்துப்போகவில்லை. அதை நானும் கவனித்தேன்.

கூடத்தில் இருந்த சாமான்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பறக்கவிட்டார். அது பறக்கவில்லை. உறுமியது, ஒரு பக்கமாக நகர்ந்தது, குப்புற விழுந்தது. தலைக்கு மேல் சுற்றுகிற இறக்கை தரையில் அடித்து இரண்டாக உடைந்தது. மறுநாள் புது இறக்கை மாட்டினார், அதுவும் அதே கதி. பொம்மை ஹெலிகாப்டர்களும் விமானங்களும் விற்கிற கடைக்கு மூன்றாவது இறக்கை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"புதுசா கத்துக்கிறீங்களா சார்? அப்போ பயிற்சிக் கால் போடாம பறக்க விடாதீங்க. எத்தனை இறக்கை வாங்கினாலும் பத்தாது."

அவள் எடுத்துக் காட்டியது இரண்டு மெல்லிய குச்சிகள். பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் கட்டி, நாலு நுனியிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பந்து. ஹெலிகாப்டரின் அடியில் இதைக் கட்டிக்கொண்டால் அதற்குக் கால் அகலமாகிவிடும், சட்டென்று கவிழாது. இவர் ஒரு குச்சியை இரண்டு விரலால் அழுத்தினார். அது வில்லாக வளைந்தது.

"இது என்னங்க, விளக்குமாத்துக் குச்சியில பந்தா? இந்தப் பக்கம் அழுத்தினா அந்தப் பக்கம் ஓடுது. இதுக்குப் பேரு காலா?"

"காலு தான் சார்."

"நான் பண்ணிக்கிறேன்" என்று இறக்கை மட்டும் இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கால் எப்படி இருக்க வேண்டும் என்று இவருக்கு ஒருவர் சொல்லித் தருவதா?

அலுமினியப் பட்டையில் செய்தார். நாலு மூலையிலும் சதுரத் தட்டு, தட்டுக்கு அடியில் வழுக்காமலிருக்க ரப்பர், எல்லாவற்றுக்கும் போல்ட். முடுக்கிய போல்ட்டை மறுபடி ஒரு சுற்று முடுக்கினார். உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் மேல் நான் ஏறி நின்றாலும் தாங்கியிருக்கும். இறக்கை சுற்றியது, கூடத்திலிருந்த பேப்பரெல்லாம் பறந்தது, காலண்டர் பறந்தது, ஹெலிகாப்டர் மட்டும் பறக்கவில்லை.

பட்டையை எடுத்துவிட்டு மெல்லிய அலுமினியக் குழாய் போட்டார். ரப்பரை விடவில்லை. இப்போது எழும்பப் பார்த்தது. எழும்புகிற நேரத்தில் லேசாக ஒதுங்கியது. ஒரு ரப்பர் கால் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் அந்தக் காலைத் தாண்டிப் போய்க் கவிழ்ந்தது. மூன்றாவது இறக்கை முடிந்தது. அவர் தரையைச் சந்தேகப்பட்டார். ரசமட்டத்தை எடுத்துவந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்து, நாலு பக்கமும் பலகை போட்டு, மட்டம் பார்த்து, நாலாவது இறக்கையையும் உடைத்தார். இரண்டு நாள் நான் அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போனேன்.

கடையில் போன் செய்து கேட்டதில், அந்த அளவில் ஒரே ஒரு ஜோடி இறக்கைதான் மிச்சம், அடுத்தது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். விடுப்பு முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தக் கடைசி இறக்கையில அது ஒரு தடவை எழும்பி, கவிழாம இறங்கட்டும். நான் கிரேன்ல ஏறுறேன். இல்லன்னா கேட்டுக்கே போயிடுறேன்."

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன். "இருபத்தேழு வருஷ வேலையை ஒரு பொம்மையா முடிவு பண்ணணும்? உங்களுக்கு என்ன, மண்டையில ஏதாவது கழண்டு போச்சா?"

ஒரு முடிவு எடுத்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கேட்டில் உட்கார்ந்தால் அவர் ஒரே வருடத்தில் கிழவராகிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் இரண்டு பேரும் கடைக்குப் போகும்போது அவர் செய்த காலையும் நானே பையில் போட்டு எடுத்துப் போனேன். கடைக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலை சுத்தம் என்றாள். பிறகு அதன் மேல் ஒரு ஹெலிகாப்டரை உட்கார வைத்து, விரலால் பக்கவாட்டில் தள்ளினாள். ரப்பர் பிடித்துக்கொண்டது, ஹெலிகாப்டர் சாய்ந்தது. அடுத்து தன் பந்துக் கால் மாட்டியதைத் தள்ளினாள். அது மேசை மேல் சறுக்கிக்கொண்டு போய்ச் சும்மா நின்றது. இன்னும் பலமாக ஒரு பக்கம் அழுத்தினாள். குச்சி வளைந்தது, கையை எடுத்ததும் நிமிர்ந்தது.

"பாத்தீங்களா சார்? புதுசா கத்துக்கிறவங்க கையில அது கண்டிப்பா பக்கவாட்டுல போகும். போகும்போது கால் தரையைப் புடிச்சா கவுந்துடும். சறுக்க விட்டா தப்பிச்சுக்கும்."

"சறுக்குற காலை நம்பி எவன் ஏறுவான்?"

"இதுல யாரு சார் ஏறப் போறா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடைசி ஜோடி இறக்கையை வாங்கினார். பந்துக் காலை அப்போதும் வாங்கவில்லை. "எப்படின்னு பாத்துட்டேன், நானே பண்ணிடுவேன்" என்றார். வீம்பு எங்கே போகும்?

வீடு வந்ததும் குச்சி தேட ஆரம்பித்தார். பழைய குடைக் கம்பியை எடுத்து வளைத்தார். வளைந்தது வளைந்தபடியே இருந்துவிட்டது. ஜன்னல் திரையை இழுக்கிற பிளாஸ்டிக் குச்சியை வளைத்தார், படக்கென்று முறிந்தது. கடைசியில் மடக்குகிற கொசு வலையின் கம்பி. அது எவ்வளவு வளைத்தாலும் கையை விட்டதும் பழையபடி நிமிர்ந்தது, எடையும் இல்லை. என்னைக் கேட்காமலே இரண்டு முழம் வெட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்கக் கொசு என்னைத் தின்றது.

நாலு டேபிள் டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு நுனிகளில் ஒட்டினார். குச்சிகளைக் குறுக்கே வைத்து, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை போட்டு, பழக்க தோஷம், குறடால் பிடித்து இழுத்தார். ஒரு குச்சி நெடுக வெடித்தது. வெடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மிச்சமிருந்த கம்பியில் இன்னொன்று வெட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உன் தலைக்குப் போடுற ரப்பர் பேண்டு நாலு குடு."

எங்கள் கட்டடத்தின் கீழே வண்டி நிறுத்துகிற இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளெல்லாம் வெளியே போன பிறகு, அங்கே வழவழவென்று இருந்த சிமெண்ட் தரையில் ஹெலிகாப்டரை வைத்தார். ரசமட்டம் மாடியிலேயே இருந்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

இறக்கை சுற்றியதும் அது பந்துகளின் மேல் வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் கிளம்பியது. அவர் பதறி நிறுத்தினார். கவிழவில்லை. மறுபடி விட்டார். மறுபடி வழுக்கியது. இந்த முறை நிறுத்தாமல், அது போகிற போக்கில் கொஞ்சம் விட்டு, மெதுவாகத் திருப்பினார். தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டது. அரை மணி நேரம் இப்படியே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிறகு எழும்பியது. ஒரு சாண் உயரம், இரண்டு மூச்சு நேரம். இறங்கும்போது சாய்ந்து ஒரே பந்தில் மோதியது. குச்சி வளைந்தது. இறக்கை தரையைத் தொட்டுவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது நாலு பந்திலும் உட்கார்ந்திருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாஞ்சுது. விழல" என்றார். ரிமோட்டை அணைத்துவிட்டு, "அன்னிக்கும் சாஞ்சுதுதான். விழலையே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. "இதை எத்தனை பேர் எத்தனை தடவை உங்ககிட்ட சொன்னோம்! கொசு வலையை வெட்டினாத்தான் புரியுமா?" என்று கத்தினேன். மேலே யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

விடுப்பு முடிந்த அன்று வேலைக்குக் கிளம்பியவரிடம், "கிரேனுக்கு அடியில ரப்பர் பேண்டு போட்டுறாதீங்க" என்றேன். "அது வேற, இது வேற" என்று சீரியஸாகப் பதில் சொன்னார். கேலி அவருக்கு எட்டுவதே இல்லை.

மதியம் ஒரு மணிக்குப் போன் வந்தது. கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற நண்பர். அவரை எல்லாரும் விசில் என்பார்கள்.

"அண்ணி, அரை மணி நேரம் தரையை மட்டும் கடப்பாரையால குத்திக் குத்திப் பாத்தார். மேனேஜர் வாட்சைப் பாக்க ஆரம்பிச்சுட்டார். அப்புறம் ரெண்டு பலகை போடுற இடத்துல மூணு போட்டார். ஏறி உட்கார்ந்தாரா, ஒண்ணுமே நடக்கல. எனக்கு விசில் வாயிலயே ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் இறங்கிடுவாருன்னுதான் நெனச்சேன்."

"சொல்லுங்களேன்!"

"தூக்கிட்டார் அண்ணி. பாதி சுத்தும்போது காத்து வந்து கட்டை ஆடுச்சு. அண்ணன் பதறல. அது போற பக்கம் கூடவே போய், அடக்கி, வெண்ணெய் மாதிரி இறக்கி வச்சார். பழைய கை. அதே கை."

சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான் தட்டை வைத்ததும் மேசை டக்கென்று ஆடியது. அவர் நாற்பது நாளைக்கு முன்பு செருகிய அட்டை, நான் காலையில் கூட்டும்போது குப்பையோடு போய்விட்டிருந்தது. அவசரமாக ஒரு மருந்துப் பெட்டியைக் கிழித்து மடித்துக்கொண்டு குனிந்தேன்.

"விடும்மா. ஆடினா ஆடிட்டுப் போகுது. நீயும் உட்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் கை வைக்கும்போது ஒரு பக்கம், நான் கை வைக்கும்போது இன்னொரு பக்கம் என்று மேசை ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கை கழுவ எழுந்து போனதும், மடித்து வைத்திருந்த அட்டையை நான்தான் செருகினேன். எனக்குப் பொறுக்கவில்லை.