அப்பா அடிக்காத பாம்பு

எங்கள் லயத்தில் யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் ஆட்கள் முதலில் ஓடி வருவது எங்கள் வீட்டுக்குத்தான். அப்பா பாம்பு அடிப்பதில் பேர்போனவர். தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்து முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் குட்டையாக வெட்டிவிடும் வேலை அது. கத்தி பிடித்துப் பழகிய கை என்பதால் குறி தவறாது. ஒரே அடிதான். இரண்டாவது அடி அடித்து நான் பார்த்ததில்லை. செத்த பாம்பைக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் லயத்து வாசல் நெடுக நடந்து போகும்போது பின்னாலேயே நானும் போவேன். அடித்தது அவரா நானா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அப்படி ஒரு நடை நடப்பேன்.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று வாய் நிறையச் சொல்வோமே தவிர, எங்களுக்கு அதில் இருந்தது பன்னிரண்டு வீடு வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு. முன்னால் திண்ணை மாதிரி சின்னதாக ஓர் இஸ்தோப்பு, நடுவில் ஓர் அறை, பின்னால் சமைக்கக் குசினி. நாலு வீடு தள்ளி மாமா இருந்தார், அம்மாவின் அண்ணன். அப்பாவைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு.

அப்பா அடித்த பாம்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது பீலிக்கரைப் பாம்பு. மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு அலறி ஓட, பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த அப்பா தலையில் சோப்பு நுரையோடு வந்து அடித்த பாம்பு அது. நான் அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொல்ல, பாம்பு நாளுக்கு நாள் வளர்ந்து, கடைசியில் தண்ணீர்க் குழாயைவிட நீளமாகிவிட்டது. வீட்டிலும் அப்பா வேலை விட்டு வந்து கால் கழுவியவுடன் அந்தக் கதையைத்தான் கேட்பேன். முதலில் சலிக்காமல் சொன்னவர், எனக்கு ஒன்பது வயதானபோது சொல்வதை நிறுத்திக்கொண்டார். கேட்டால், போய்ப் படி என்பார். நான் விடமாட்டேன். மறுநாளும் கேட்பேன், அதற்கு மறுநாளும் கேட்பேன். அப்பாவுக்கு வயதாகிக் கதை மறந்துவிட்டது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது.

அந்தக் காலத்தில் அம்மா இரண்டு தடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். எனக்குச் சொல்லப்பட்டது காய்ச்சல் என்றுதான். இரண்டு தடவையும் என்னை மாமா வீட்டில் விட்டார்கள். அங்கே அத்தை சுடும் தேங்காய் ரொட்டி நன்றாக இருக்கும். அதனால் அம்மாவின் காய்ச்சலைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது, மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மலையில் அந்த வாரம் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளை அடுப்பெரிக்கப் பொறுக்கிக்கொண்டு வரலாம். அம்மாவும் ஒரு கட்டுக் கட்டித் தலையில் சுமந்து வந்து குசினி மூலையில் போட்டார். தேநீருக்கு அடுப்பைப் பற்றவைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நான் மிலாறுக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினேன். அடுத்த குச்சி தானாக நகர்ந்தது.

விரியன். முழங்கை நீளம்கூட இருக்காது. தேயிலைச் செடிக்கு அடியில் சருகோடு சருகாகக் கிடந்து, கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் கைகாலைப் பதம் பார்க்கும் அதே ஜாதி. தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் முக்கோணமாக இருந்தது.

வேறு பிள்ளையாக இருந்தால் பயந்து அழுதிருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் அடுத்தவர்கள் வீட்டில் நடந்த கூத்து இன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து மறுநாள் வேலைக்குக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நான் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, எங்கப்பா பாம்பு அடிக்கப் போறாரு, பார்க்க வாங்க என்று கூப்பிட்டேன். மாமா மகளைக் கையைப் பிடித்தே இழுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். கோயில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு சுருக்காக ஆள் சேர்ந்ததில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அப்பா கையில் கத்தியோடு குசினி வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பாம்பு எப்படி உள்ளே வந்தது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மிலாறுக் கட்டோடு வந்திருக்க வேண்டும் என்றார் அம்மா. அப்பாவின் முகம் மாறியது.

"அத நீ தலையிலயா தூக்கிட்டு வந்த?" என்றார். "ஒன்னய யாரு தூக்கச் சொன்னது?"

எனக்கு விளங்கவில்லை. அம்மா வாரத்துக்கு இரண்டு கட்டாவது தூக்கி வருவார். யாரும் சொல்லித் தூக்குவதில்லை. அம்மா சுவரோரமாகப் போய் நின்றார். அப்பா இஸ்தோப்புக்கு வந்து கத்தியைக் கீழே வைத்தார்.

கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. நல்லபாம்பாக இருந்தால், அது சாமி, அடிக்கக் கூடாது என்று சொல்லி ஒரு கற்பூரம் கொளுத்தி மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். இதுவோ விரியன். விரியனுக்குப் பால் ஊற்றியவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை. அப்பா ஏன் நிற்கிறார் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூப்பிட்டவள் நான்தானே.

மாமா ஓர் இரும்புக் கம்பியோடு வந்து, தள்ளிக்கொள்ளச் சொன்னார். அப்பா வாசலில் கையைக் குறுக்கே வைத்தார்.

"வேணாம் மச்சான். இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

மாமா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற தன் தங்கையைப் பார்த்தார். கம்பியை வெளியே கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார். திரும்பி வந்ததும், முன்பைவிடப் பெரிய குரலில் கிண்டலை ஆரம்பித்தார். மச்சான் இனி பாம்புக்குப் பேன் பார்க்கப் போகிறார் என்றார். அதைத் தொட்டில் கட்டி ஆட்டப் போகிறார் என்றார். லயமே சிரித்தது. மாமா மகள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அப்பா அம்மாவின் கொழுந்துக் கூடையை எடுத்தார். கூரைக்குப் போட்டு மிஞ்சிய ஒரு துண்டுத் தகரத்தை எடுத்தார். எங்களை எல்லாம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நீளக் கம்பு ஒன்றால் குச்சிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். பாம்பு வெளியே தெரிந்ததும் கூடையைக் கவிழ்த்து மூடினார். கூடைக்கு அடியில் தகரத்தை மெல்ல மெல்லத் தள்ளினார். இப்படிச் செய்து அவருக்குப் பழக்கமில்லை என்பது எனக்கே தெரிந்தது. அடிப்பதென்றால் ஒரு நிமிடம் ஆகாது. இதற்கு அரை மணி நேரம் ஆனது. மாமா மட்டும் உள்ளே போய், கூடையைச் சுற்றிச் சாக்கைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

அப்பா கூடையையும் தகரத்தையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அவர் கை நடுங்கி, தகரம் கூடை விளிம்பில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டது. லயத்து வாசல் நெடுக அவர் நடந்து போனார். அந்தச் சத்தமும் கூடவே போனது. இந்த முறை நான் பின்னால் போகவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டில் விட்டுவிட்டு வந்தாராம். வந்து கூடையைப் பீலியில் கழுவி, வாசலில் காயவைத்தார். அன்று மாலை மிலாறுக் கட்டு முழுவதையும் அவரே பிரித்து, ஒவ்வொரு குச்சியாகத் தட்டிப் பார்த்து அடுக்கினார். அதற்குப் பிறகு அம்மாவை விறகுக்கு அனுப்பவே இல்லை.

மறுநாள் வகுப்பில் மாமா மகள் தன் கொம்பாஸ் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, கடகடவென்று ஆட்டிக் காட்டினாள். குழாயைவிட நீளமான பாம்பை என்னிடமிருந்து கேட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடைவேளைக்குள் பள்ளிக்கூடத்திலிருந்த அத்தனை கொம்பாஸ் பெட்டிகளும் ஆடத் தொடங்கிவிட்டன. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. நாலாம் நாள், இஸ்தோப்பில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"நீங்க பயந்துட்டீங்கதானே?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஏதாவது சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் அதை வைத்துச் சமாளித்திருப்பேன்.

"ஆமா பாப்பா," என்றார். "நல்லாவே பயந்துட்டேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அப்பா பாம்பு அடிக்கவே இல்லை. யாராவது கூப்பிட்டால் கூடையும் தகரமுமாகப் போவார். கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது, சத்தமும் நின்றுவிட்டது. பொங்கல் முடிந்து தம்பி பிறந்தான். அவனுக்கு வீட்டில் நல்ல பெயர் வைத்தும், மாமா மட்டும் விரியன் என்றுதான் கூப்பிடுவார். அவன் பசித்தால் போடும் கூச்சலுக்காக வைத்த பெயர் என்று நினைத்தேன். தம்பிக்கு இப்போது தாடி முளைத்துவிட்டது. மாமாவுக்கு அவன் இன்னும் விரியன்தான்.

போன மாதம் ஒரு காலையில், ஹட்டனில் எங்கள் வாடகை வீட்டில் நான் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்று மாதம். அம்மாவையும் அப்பாவையும் தவிர யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. குளியலறையில் என் கணவர் பூரான், பூரான் என்று கத்தியபடி செருப்பைத் தூக்கிக்கொண்டு நின்றார். அது அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"அடிக்க வேணாம்னு சொல்லு," என்றார் அவசரமாக. "வயித்துல புள்ள இருக்கயில புருசன்காரன் எந்த உசுரையும் கொல்லக் கூடாது. வழிச்சு வெளிய விடச் சொல்லு."

இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஒங்கப்பா பாத்தாரு," என்றார்.

பிறகு சொன்னார். அந்த இரண்டு காய்ச்சலும் காய்ச்சல் இல்லை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் வயிற்றிலேயே போன இரண்டு பிள்ளைகள். முதலாவது போனது, பீலிக்கரைப் பாம்பை அப்பா அடித்த அதே வாரம். அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வருடம் அவர், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்த ஒரு பாம்பை அடித்தார். பத்து நாளில் இரண்டாவதும் போனது. டாக்டர் வேறு காரணம் சொன்னாராம். அம்மாவுக்கு ரத்தம் போதாது என்றாராம். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. நான்தான் அடித்தேன் என்று அவர் அழுதாராம். விரியன் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மூன்றாவது மாதம். கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நின்ற பார்வையிலேயே மாமா புரிந்துகொண்டுவிட்டார் என்றார் அம்மா. அவர் கிண்டலை நிறுத்தியிருந்தால் லயத்தில் எல்லோருக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

கொம்பாஸ் பெட்டிகள்கூட அவ்வளவு வலிக்கவில்லை. தினமும் வேலை விட்டு வந்து கால் கழுவிய மனிதரிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது பீலிக்கரைப் பாம்புக் கதையை. எப்படி அடிச்சீங்க, எங்க அடிச்சீங்க, ஒரே அடியா என்று.

அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வந்தார். பூரான் போய்விட்டதா என்றுதான் முதலில் கேட்டார். என் கணவர் அதைத் தூசி அள்ளும் தட்டில் ஏற்றி, வெளியே கொண்டுபோய் விட்டிருந்தார். அதைச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்குக் கை நடுங்குச்சா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாப்பா. தட்டு ஆடுன ஆட்டத்துல பூரான் ரெண்டு தடவ கீழ விழுந்திருச்சு."

அப்பா சிரித்தார். "நடுங்கட்டும் பாப்பா," என்றார். "நல்ல மனுசன்தான்."

பத்து வயதில் நான் காதைப் பொத்திக்கொண்டது இந்த நடுக்கத்தின் சத்தத்துக்குத்தான்.